கடலியல் அறிஞர் ஜான் மார்ட்டின்

செண்டாயான் வட்டாரத் தோட்டங்களில் செம்பனை மரங்களுக்கு உரமிடுவதை நம்மில் பலர் கண்டிருப்போம். மட்டைகள் மஞ்சளித்தால் எந்தச் சத்து குறைந்துள்ளது என்று ஆராய்ந்து, அதற்கேற்ற உரத்தைப் போடுவர். தோட்டத்திற்கு உரிமையாளர் உண்டு. ஆகவே, உரமிடும் முடிவை அவர் எடுக்கலாம். ஆனால், பெருங்கடலுக்கு உரமிட வேண்டுமென்றால் அந்த முடிவை யார் எடுப்பது? இக்கேள்வி உலக அரங்கில் எழக் காரணமாக இருந்தவர் அமெரிக்கக் கடலியல் அறிஞர் ஜான் மார்ட்டின்.

இவர் 1935ஆம் ஆண்டு பிப்ரவரி 27ஆம் நாள் கனெக்டிகட் மாநிலத்தின் ஓல்ட் லைம் எனும் ஊரில் பிறந்தார். கோல்பி கல்லூரியில் பயின்ற காலத்தில், 1954இல், இளம்பிள்ளை வாதம் இவரைத் தாக்கியது. அதன் பாதிப்பு வாழ்நாள் முழுவதும் நீடித்தது. எனினும், இவர் மனம் தளரவில்லை. ரோட் ஐலண்ட் பல்கலைக்கழகத்தில் கடலியலில் முனைவர் பட்டம் பெற்றார். பின்னர், கலிபோர்னியாவிலுள்ள மாஸ் லேண்டிங் கடல் ஆய்வகத்தின் இயக்குநராக உயர்ந்தார்.

அக்காலத்தில் கடலியல் அறிஞர்களை ஒரு புதிர் வாட்டியது. அண்டார்டிகாவைச் சூழ்ந்த கடலிலும் பசிபிக் பெருங்கடலின் சில பகுதிகளிலும் நைட்ரேட் முதலிய சத்துகள் நிறைந்திருந்தன. ஆயினும், அங்கு மிதவை நுண்தாவரங்கள் குறைவாகவே வளர்ந்தன. இரும்புச்சத்துக் குறைவே காரணம் எனச் சிலர் முன்னரே ஐயுற்றனர். ஆனால், அதை அளக்க இயலவில்லை. கப்பலின் துருவும் காற்றிலுள்ள தூசும் நீர் மாதிரிகளில் கலந்து அளவைக் கெடுத்தன. மார்ட்டின் குழுவினர் அமிலத்தால் கழுவிய பாத்திரங்களையும் தூசு புகாத அறைகளையும் பயன்படுத்தி, மிகுந்த கவனத்துடன் அளந்தனர். அந்நீரில் இரும்பு மிக மிகக் குறைவாக இருப்பது தெரிய வந்தது. அந்நீரைப் புட்டிகளில் நிரப்பிச் சிறிதளவு இரும்பைச் சேர்த்தபோது நுண்தாவரங்கள் செழித்து வளர்ந்தன. இம்முடிவு 1988இல் வெளியானது.

மார்ட்டின் மேலும் சிந்தித்தார். பனியூழிக் காலத்தில் காற்று மிகுதியான புழுதியைக் கடலில் சேர்த்தது. புழுதியிலிருந்த இரும்பால் நுண்தாவரங்கள் பெருகி, காற்றிலுள்ள கரிவளியை ஈர்த்திருக்கலாம். உலகம் குளிர அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று 1990இல் எழுதினார். அதற்கு முன்பே ஒரு சொற்பொழிவில், அரைக் கப்பல் இரும்பு கிடைத்தால் பனியூழியையே வரவழைக்கலாம் என்று வேடிக்கையாகக் கூறியிருந்தார்.

வேடிக்கை வினையானது. புவி வெப்பமடைவதைத் தடுக்க மலிவான மருந்து கிடைத்துவிட்டதாகச் செய்தித்தாள்கள் எழுதின. அறிஞர் பலர் அஞ்சினர். உணவுச் சங்கிலி குலையலாம். ஆழ்கடலில் உயிர்வளி குறையலாம். மருந்து இருக்கிறதென்று மக்கள் எரிபொருளை மேலும் எரிக்கலாம் என எச்சரித்தனர். 1991இல் அமெரிக்க நீரியல், கடலியல் அறிஞர் சங்கம், கரிவளி வெளியேற்றத்தைக் குறைக்காமல் தப்ப இதை ஒரு வழியாகக் கொள்ள வேண்டாமென அரசுகளை வலியுறுத்தியது. எனினும், ஆய்வு தொடர்வதை அது தடுக்கவில்லை.

புட்டியில் கண்டது கடலிலும் நிகழுமா என்பதைச் சோதித்தறிய மார்ட்டின் விரும்பினார். ஆனால், 1993ஆம் ஆண்டு ஜூன் 18ஆம் நாள் புற்றுநோயால் காலமானார். அவ்வாண்டு அக்டோபரில் அவருடைய சகாக்கள் கலாபகோஸ் தீவுகளுக்குத் தெற்கே, ஏறக்குறைய 64 சதுர கிலோமீட்டர் கடற்பரப்பில் இரும்பைக் கரைத்தனர். நுண்தாவரங்கள் பெருகின. 1995இல் நடந்த இரண்டாம் சோதனையில் கடல்நீரே பச்சை நிறமாக மாறியது. மார்ட்டின் சொன்னது உண்மையாயிற்று.

ஆனால், நுண்தாவரம் வளர்ந்தால் மட்டும் போதாது. அது உண்ட கரிமம் ஆழ்கடலுக்குச் சென்று தங்க வேண்டும். 2009இல் இந்திய, ஜெர்மானிய அறிஞர்கள் அட்லாண்டிக்கின் தென்பகுதியில் இதைச் சோதிக்கப் புறப்பட்டனர். எதிர்ப்பு எழுந்ததால் ஜெர்மானிய அரசு சோதனையை நிறுத்தி வைத்தது. தன்னுரிமையுடைய வல்லுநர்களின் மதிப்பீட்டைப் பெற்ற பிறகே அனுமதி அளித்தது. வளர்ந்த நுண்தாவரங்களைச் சிற்றுயிரிகள் விரைவாக உண்டுவிட்டன. மிகக் குறைந்த கரிமமே ஆழத்திற்குச் சென்றது. மலிவான மருந்து என்ற நம்பிக்கை தளர்ந்தது.

இதற்கிடையே உலக நாடுகளும் விழித்துக்கொண்டன. கடலில் கழிவு கொட்டுவதைத் தடுக்கும் லண்டன் உடன்பாட்டு நாடுகள் 2008இல் ஒரு தீர்மானம் நிறைவேற்றின. முறையான அறிவியல் ஆய்வுக்கு மட்டுமே கடலில் இரும்பிடலாம். அதற்கும் முன்கூட்டியே மதிப்பீடு வேண்டும் என்பதே அதன் சாரம். ஆயினும் 2012இல் கனடாவின் மேற்குக் கடலில் தனியார் திட்டமொன்று ஏறக்குறைய 100 டன் இரும்புக் கலவையைக் கொட்டியது. மறு ஆண்டே விதிகளைக் கடுமையாக்கும் திருத்தத்தை அந்நாடுகள் ஏற்றன.

மார்ட்டின் கடலின் பசியை அறிந்து சொன்னார். அப்பசிக்கு உணவிடலாமா, யாருடைய ஒப்புதலுடன் இடுவது என்னும் கேள்விகளை நமக்கு விட்டுச் சென்றார். போர்ட்டிக்சன் கரையில் அலையடிக்கும் கடலுக்கு வேலி இல்லை. ஓரிடத்தில் இட்டது வேறிடத்து மீனவரின் வலையையும் பாதிக்கலாம். ஆதலால், கடலைப் பற்றிய முடிவில் அவருக்கும் பங்கு வேண்டும்.