முழவரசர் சிக் வெப்

இசைத்தட்டைச் சுழலவிட்டால் நம் செவி முதலில் பாடுபவரின் குரலை நாடும். அடுத்து ஊதுகொம்பையோ பியானோவையோ நாடும். அவற்றிற்கெல்லாம் அடியில் நின்று, பாட்டு ஓடுவதற்குப் பாதை போட்டுக் கொடுக்கும் முழவைக் கேட்பவர் சிலரே. அமெரிக்கக் கறுப்பின மக்கள் உலகுக்கு அளித்த ஜாஸ் இசையின் பழந்தட்டுகள்மீது நமக்கு நெடுநாளாகப் பெரும்பித்து உண்டு. அவற்றைக் கேட்கக் கேட்க, மேலே மிதக்கும் கொம்பொலியை விட்டு, கீழே அதிரும் தோலொலியிலேயே நம் மனம் தங்கத் தொடங்கிற்று. அவ்வாறு தங்க வைத்தவர்களுள் தலையாயவராக நாம் கருதுபவர் சிக் வெப். பெரும்பாலான இளைஞர்கள் இப்பெயரைக் கேட்டிருக்கமாட்டார்கள் என்பதாலேயே அவர்தம் வாழ்வை ஈண்டு எழுத முற்பட்டோம்.

அக்காலத்து ஜாஸ் குழுக்களில், இசைஞர் இத்தனை பேர், அவர்களோடு ஒரு முழவர் என்று பிரித்துக் கணக்கிடும் கேலி ஒன்று உண்டு. தோலைத் தட்டுபவனுக்கு இசை தெரியாது என்பதே அதன் உட்பொருள். முழவு முழக்குபவனைத் தாழ்த்திப் பார்க்கும் கண் நமக்குப் புதிதன்று. அதனை இங்கே விரிக்க வேண்டியதும் இல்லை.

வில்லியம் ஹென்றி வெப் 1905ஆம் ஆண்டு பிப்ரவரி 10ஆம் நாள், மேரிலாந்து மாநிலத்துப் பால்டிமோர் நகரில் எளிய கறுப்பினக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். பள்ளியும் பூங்காவும் நிறத்தால் பிரிக்கப்பட்டிருந்த நகரம் அது. இளமையிலேயே அவருடைய முதுகெலும்பைக் காசநோய் பற்றிக்கொண்டது. படிக்கட்டில் உருண்டு விழுந்து அடிபட்டதும் அதனோடு சேர்ந்துகொண்டது என்பர். முதுகு கூனியது, வளர்ச்சி நின்றது. பெரியவரான பின்னும் அவர் உயரம் ஏறத்தாழ நான்கடியே. சிக் என்பது கோழிக்குஞ்சைக் குறிக்கும் சொல். அவருடைய சிற்றுருவத்தைக் கண்டு பிறர் கேலியாகவோ செல்லமாகவோ இட்ட அப்பெயரே பின்னாளில் இசைத்தட்டுகளின் நெற்றியில் பொறிக்கப்பட்டது.

விறைத்துப் போகும் உறுப்புகளுக்குப் பயிற்சியாக முழவு வாசிக்கலாம் என்று மருத்துவர் ஒருவர் கூறியதாகச் சொல்லப்படுகிறது. சிறுவன் அதற்கு முன்பே வீட்டுப் பானை சட்டிகளைத் தட்டிக் கொண்டிருந்தவன்தான். தெருவில் செய்தித்தாள் விற்றுச் சேர்த்த காசில் முதல் முழவுகளை வாங்கினான். செசபீக் வளைகுடாவில் உல்லாசப் பயணிகளை ஏற்றிச் செல்லும் படகுகளில் வாசித்தான். அங்கே நண்பரான கிதார்க் கலைஞர் ஜான் ட்ரூஹார்ட் நெடுங்காலம் உடனிருந்தார். இருவரும் 1920களின் நடுப்பகுதியில் நியூயார்க் நகரத்துக் கறுப்பினப் பகுதியான ஹார்லெமுக்கு வந்து சேர்ந்தனர்.

1926இல், பின்னாளில் பெரும்புகழ் எய்திய டியூக் எல்லிங்டனின் உதவியால் வெப்புக்குத் தனிக்குழு அமைத்து வாசிக்கும் வாய்ப்புக் கிட்டியது. அடுத்த ஐந்தாண்டுகள் வறுமையிலேயே கழிந்தன. வேலை கிடைப்பதும் போவதுமாக இருந்தது. கிடைத்த நல்ல இசைஞர்களை வசதி படைத்த குழுக்கள் இழுத்துக்கொண்டன. சாக்சபோன் மேதை ஜானி ஹாட்ஜஸ் 1928இல் எல்லிங்டனிடம் சேர்ந்தபோது வெப் தடுக்கவில்லை. ஒருவர் போனால் இன்னொருவரைத் தேடிப் பிடித்தாரே ஒழிய, குழுவைக் கலைக்க அவர் மனம் ஒப்பவில்லை.

1931 முதல் அவர் குழு சவாய் நடனசாலையின் நிலைக்குழு ஆயிற்று. இச்சாலையைப் பற்றிச் சற்று விரிவாகவே கூற வேண்டும். ஹார்லெமின் லெனாக்ஸ் அவென்யூவில் 140ஆம் தெருவுக்கும் 141ஆம் தெருவுக்கும் இடையே, 1926 மார்ச்சில் திறக்கப்பட்டது அது. அதே பகுதியில் புகழோடு விளங்கிய காட்டன் கிளப்பில் ஆடுவோரும் பாடுவோரும் கறுப்பினத்தவர். அமர்ந்து கேட்போர் வெள்ளையர். தம் இனத்தாரின் இசையைக் கேட்கக் கறுப்பினத்தார் அங்கே உள்ளே நுழைய இயலாது. சவாயிலோ நுழைவுக் கட்டணம் கொடுத்தவர் எவரும் நுழையலாம். கறுப்பரும் வெள்ளையரும் ஒரே தளத்தில் ஆடலாம். 1930களின் அமெரிக்காவில் இஃது எளிய செய்தியன்று. ஆடுவோரின் கால்கள் தேய்த்த பலகைத்தளத்தை மூன்றாண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருந்ததாம். ஒரு குழு ஓய்ந்தவுடன் மற்றொரு குழு தொடங்குவதற்கு வசதியாக இரண்டு மேடைகள் அருகருகே இருந்தன. ஆகவே ஒவ்வோர் இரவும் ஒருவகைப் போட்டிதான். ஆடுவோரின் கால் நின்றுவிட்டால் குழு தோற்றது என்று பொருள். அத்தகைய இடத்தில் எட்டாண்டுகள் கொடி கட்டிப் பறந்தவர் நான்கடி மனிதர்.

அவர் இசைக்குறியீடு படிக்கக் கற்றவரல்லர். ஆயினும் குழுவின் பாட்டுகள் அனைத்தும், எந்தக் கருவி எவ்விடத்தில் என்ன வாசிக்க வேண்டும் என்பது உட்பட, அவர் நினைவில் இருந்தன. ஒத்திகையில் ஒருவர் தவறினால், அவர் வாசிக்க வேண்டியதை வாயால் பாடிக் காட்டுவார். தோலைத் தட்டுபவனுக்கு இசை தெரியாது என்றவர்கள் அந்த ஒத்திகைக்கு வந்திருக்க வேண்டும்.

அவருடைய கருவிகளும் அவர் உடலுக்கேற்ப அமைந்தவை. உயர்ந்த மேடைமீது அவர் அமர்வார். முன்னே 28 அங்குல விட்டமுள்ள பெருமுழவு. அதன் மிதிகட்டையைக் குட்டையான காலுக்கு எட்டும்படி தனியாகச் செய்து கொடுத்திருந்தனர். சிம்பல் எனும் வெண்கலத் தட்டுகள் வாத்தின் கழுத்துப் போல் வளைந்த கம்பிகளில் தொங்கின. பக்கத்தில் மரக்கட்டைகளும் சிறுமணிகளும் இருக்கும். கருவிகளுக்குப் பின்னால் தலை மட்டுமே தெரியும். அந்தத் தலை தெரியும் இடத்திலிருந்துதான் சாலை முழுவதையும் அதிரவைக்கும் ஒலி புறப்பட்டது.

அவ்வொலியில் எவ்வளவு நமக்குக் கிடைத்திருக்கிறது என்பதே இசைத்தட்டுப் பித்தர்களின் தீராத ஏக்கம். 1925க்கு முன்னர்ப் பெரிய கூம்புக் குழாய் ஒன்றின் முன்னே நின்று பாடியும் வாசித்தும் பதிவு செய்தனர். பெருமுழவின் அதிர்ச்சி மெழுகில் கோடு கிழிக்கும் ஊசியைத் துள்ளவைத்துவிடும் என்று அஞ்சி, முழவரை மரக்கட்டையை மட்டும் தட்டச் சொல்வதும் உண்டு. மின்முறையும் ஒலிவாங்கியும் வந்த பின்னும் அவ்வச்சம் முற்றும் நீங்கவில்லை. முழவரைத் தொலைவில் அமர்த்தி அடக்கி வாசிக்கச் சொன்னார்கள். தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடமே ஓடும். 1929இல் வேறு பெயரில் வந்த முதல் தட்டுகள் தொடங்கி 1939 வரை வெப் வாசித்தவை யாவும் இக்கட்டுகளுக்குள் அமைந்தவை. நேரில் கேட்டவர்கள், தட்டில் இருப்பது அவர் நிழலே என்று வருந்தியதுண்டு. நிழலே இப்படியென்றால் உரு எப்படி இருந்திருக்கும் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம்.

கேட்க விரும்பும் இளைஞர்களுக்கு 1937 நவம்பரில் பதிவான ‘ஹார்லெம் காங்கோ’வைச் சொல்வோம். முதல்முறை கேட்கையில் குழுவின் வேகத்துக்கு உங்களை ஒப்படைத்துவிடுங்கள். இரண்டாம் முறை கொம்புகளை மறந்துவிட்டு, அடியில் ஓடும் சிம்பல் ஒலியை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். கொம்புகள் ஒரு சொற்றொடரை முடிக்கும் இடத்தில் முற்றுப்புள்ளி வைப்பவரும், அடுத்த சொற்றொடரைத் தள்ளித் தொடங்கி வைப்பவரும் அவரே என்பது விளங்கும். பிற்பகுதியில் அவர் தனித்து முழங்குவது சில நொடிகளே. அதில் ஓரடி கூட வெற்று ஆரவாரமில்லை. 1938 மே மாதத்து ‘லைசா’வில் குழு கேட்க முழவு விடை கூறுவதுபோல் அமைந்திருக்கும். நம் விருப்பம் ‘லைசா’வே, நண்பர்கள் மாறுபடலாம்.

வெப்பின் குழுவுக்குப் பாட்டமைத்தவருள் சிறந்தவர் எட்கர் சாம்ப்சன். ‘ஸ்டாம்பின் அட் த சவாய்’, ‘டோன்ட் பீ தட் வே’ ஆகிய இரண்டும் அவர் ஆக்கங்கள். இரண்டையும் வெப் 1934இலேயே தட்டில் பதித்தார். ஆயினும் அவை நாடெங்கும் பரவியது வெள்ளையரான பென்னி குட்மனின் குழு வாசித்த பின்னரே. ஆக்கியோர் பெயர்களுள் குட்மனின் பெயரும் ஏறிற்று. அக்கால வணிகத்தில் இது வழக்கமே. குட்மன், நிறவேற்றுமை மிகுந்த அந்நாளில், 1936இலேயே கறுப்பினக் கலைஞர்களான டெடி வில்சனையும் லயனல் ஹாம்ப்டனையும் தம்மோடு மேடையேற்றியவர் என்பதையும் கூறாமல் விடுவது நேர்மையன்று. ஆனால் பெரிய விடுதிகளும் வானொலி நிறுவனங்களும் ஒருவருக்குத் திறந்த கதவை மற்றவருக்கு அவ்வளவு எளிதில் திறக்கவில்லை என்பதும் உண்மையே.

அந்தக் குட்மன் 1937ஆம் ஆண்டு மே 11ஆம் நாள் தம் குழுவோடு சவாய்க்கே வந்தார். அவருடைய முழவர் ஜீன் குரூப்பா, அந்நாளில் நாட்டிலேயே புகழ்மிக்கவர், அழகர், ஆரவாரக்காரர். உள்ளே ஏறத்தாழ நாலாயிரம் பேர் நெருக்கினர். இடமின்றித் திரும்பியோர் அதற்குக் குறையாதவர். சாம்ப்சனின் பாட்டுகளால் புகழ் ஈட்டியவர் ஒரு மேடையில். அப்பாட்டுகள் பிறந்த வீட்டார் மறுமேடையில். குட்மன் குழு வாசித்து முடித்த பாட்டையே வெப் குழு திருப்பி வாசித்துக் காட்டியது என்பர். நள்ளிரவுக்குள் முடிவு தெரிந்துவிட்டது. குரூப்பா எழுந்து வெப்பின் முன் தலை தாழ்த்தி வணங்கினார். தம்மைவிடச் சிறந்த ஒருவரிடம் தோற்றதில் வெட்கமில்லை என்று பிற்காலத்திலும் அவர் ஒளிக்காமல் கூறி வந்தார். அவர் பெருந்தன்மையையும் நாம் மதிக்கிறோம். வெப் எல்லாப் போட்டிகளிலும் வென்றார் என்று எழுதினால் அது புகழ்ச்சியுரையாகிவிடும். அதே 1937 மார்ச்சில் எல்லிங்டன் குழுவிடம் அவர் தோற்றார்.

1934 நவம்பரில் ஹார்லெமின் அப்பல்லோ அரங்கில் நடந்த புதுமுகப் போட்டியில் பதினேழு வயதுப் பெண்ணொருத்தி பாடிப் பரிசு பெற்றாள். தாயை இழந்து, தங்க இடமின்றித் தெருவில் திரிந்தவள். உடையும் தோற்றமும் மேடைக்கு ஏற்றவையல்ல. குழுவினர் வெப்பிடம் பரிந்துரைத்தபோது அவர் தயங்கினார். உருவத்தைக் கொண்டே தம்மை உலகம் அளந்ததை அறிந்த அவரே தயங்கினார் என்பது நமக்குச் சற்று உறுத்தத்தான் செய்கிறது. ஆயினும் காது கண்ணை வென்றது. யேல் பல்கலைக்கழக நடன நிகழ்ச்சி ஒன்றில் பாடவைத்துப் பார்த்து, 1935இல் அவளைச் சேர்த்துக்கொண்டார். அப்பெண்ணே எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட். வெப் அவரைச் சட்டப்படி மகளாக ஏற்றார் என்று பலர் எழுதியிருப்பது தவறு. ஆனால் காத்து வளர்த்தார் என்பது மெய். 1938 மே 2ஆம் நாள் பதிவான, தொலைந்த கூடையைப் பற்றிய குழந்தைப்பாட்டுத் தட்டு அவ்வாண்டு அமெரிக்கா முழுதும் ஒலித்தது. முழவுக் கலையை மறைத்துக் குழந்தைப்பாட்டுக்குப் பின்னே நின்றார் வெப் எனக் குறை கூறுவோர் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. பத்தாண்டுகள் பட்டினியோடு காத்த குழுவுக்கு அத்தட்டுதான் நாடெங்கும் அழைப்பைக் கொண்டுவந்தது.

அந்த அழைப்புகளே அவர் உயிரையும் குடித்தன. நோய் முற்றியிருந்தது, வலி ஓயவில்லை. வாசித்து முடித்ததும் மயங்கி விழுந்த இரவுகள் உண்டு. பொருளாதார மந்தம் நீங்காத காலம். தாம் படுத்தால் குழுவினர் குடும்பங்கள் என்னாகும் என்று எண்ணிப் பயணத்தை நிறுத்த மறுத்தார். 1939 ஜூனில் வாஷிங்டனுக்கு அருகே படகு ஒன்றில் வாசித்ததே கடைசி நிகழ்ச்சி. பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சை நடந்தது. ஜூன் 16ஆம் நாள், உறவினர் சூழ்ந்திருக்க, தம்மைத் தூக்கி நிமிர்த்தச் சொல்லி, அனைவரிடமும் விடைபெற்றுக்கொண்டு கண்மூடினார் என்பர். வயது முப்பத்து நான்கு. இறுதிச் சடங்கில் எல்லா பாடினார். குழுவை 1942 வரை அவரே தலைமையேற்று நடத்தினார்.

சவாய் நடனசாலை 1958இல் மூடப்பட்டு, பின்னர் இடிக்கப்பட்டது. குரூப்பா, படி ரிச், ஆர்ட் பிளேக்கி எனப் பின்வந்த பெருமுழவர்கள் வெப்பைத் தம் ஆசான்களுள் ஒருவராகப் போற்றினர்.

பிறந்த ஊரிலோ வேறொன்று நடந்தது. கிழக்குப் பால்டிமோரின் கறுப்பினக் குழந்தைகளுக்கு விளையாட ஓரிடம் வேண்டும் என்பது வெப்பின் நெடுநாள் ஆசை. அவருடைய மருத்துவர் ரால்ஃப் யங் அதனைக் கைவிடவில்லை. 1940 பிப்ரவரியில் அந்நகரில் நிதி திரட்டும் பெருநிகழ்ச்சி ஒன்றை நடத்தினார். எல்லா வந்து பாடினார். குத்துச்சண்டை வீரர் ஜோ லூயிசும் வந்திருந்தார். இடையில் உலகப்போர் வந்ததால் கட்டடம் எழக் காலம் பிடித்தது. 1947இல் சிக் வெப் நினைவு விளையாட்டுக்கூடத்தின் கதவு அக்குழந்தைகளுக்குத் திறந்தது.