புற்றுக் கட்டியைப் பட்டினி போட நினைத்த டாக்டர்

அமெரிக்காவில் யூத மத குரு ஒருவர் இருந்தார். ஆஸ்பத்திரிக்குப் போய் நோயாளிகளுக்கு ஆறுதல் சொல்வார். மகனையும் அழைத்துப் போவார். மகன் பெயர் ஜூடா போக்மன். பிறந்தது 1933-ல். நோயாளிகளைப் பார்த்துப் பார்த்து, டாக்டர் ஆவது என்று சிறுவன் முடிவு செய்துவிட்டான்.

ஹார்வர்டில் படித்து டாக்டர் ஆனார். 1960-ல் கடற்படையில் சேர்ந்தார். அங்கே ஓர் ஆராய்ச்சி. முயலின் சுரப்பியைத் தனியே எடுத்து, அதில் புற்றுக் கட்டியை வளர்த்தார். கட்டி கடுகு அளவோடு நின்றுவிட்டது. அதையே உயிருள்ள எலியின் உடம்பில் வைத்தார். மளமளவென்று வளர்ந்தது!

காரணம் என்ன? எலியின் உடம்பில் கட்டிக்குப் புதிய ரத்தக் குழாய்கள் முளைத்தன. குழாய் வழியே சாப்பாடு போனது. குழாயைத் தடுத்தால் கட்டி பட்டினி கிடக்கும் அல்லவா?

1967-ல் பாஸ்டன் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் தலைமை அறுவை டாக்டர் ஆனார். வயது 34. 1971-ல் தம் கருத்தை வெளியிட்டார். பலர் நம்பவில்லை. சிலர் கேலி செய்தார்கள். 1981-ல் அந்தப் பெரிய பதவியையே விட்டுவிட்டு ஆராய்ச்சியில் முழு நேரமும் இறங்கினார்.

ஈரல் தந்த மருந்து

ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து ஹெப்பாரின். 1916-ல் நாயின் ஈரலில் கிடைத்தது. கிரேக்க மொழியில் 'ஹெப்பார்' என்றால் ஈரல்.

1980-ல் போக்மன் குழுவினர் இந்த மருந்தை ரத்தக் குழாய்ச் செல்களின் மீது விட்டார்கள். செல்கள் வேகமாக நகர்ந்தன. குழாய் முளைப்பதற்கு அதுதான் ஆரம்பம். மருந்து எதிரிக்கு உதவியது!

1983-ல் அதனுடன் கார்டிசோனைச் சேர்த்தார்கள். எல்லாம் தலைகீழ். புதிய குழாய்கள் வளரவில்லை. எலிகளிடம் சில வகைக் கட்டிகள் சுருங்கின. ஹெப்பாரினின் ஒரு துண்டுக்கு, ரத்த உறைவைத் தடுக்கும் சக்தி கிடையாது. அந்தத் துண்டும் கார்டிசோனுடன் சேர்ந்து அதே வேலையைச் செய்தது. ரத்தம் உறையாமல் காப்பது ஒரு வேலை, குழாய்க்குக் கடிவாளம் போடுவது வேறு வேலை என்று தெரிந்தது.

அடுத்த ஆண்டு இன்னொரு லாபம். குழாய்ச் செல்லை வளரத் தூண்டும் புரதம் ஹெப்பாரினில் ஒட்டிக்கொள்ளும். அதையே தூண்டிலாக வைத்து, அவருடைய சகாக்கள் அந்தப் புரதத்தைப் பிடித்துவிட்டார்கள்.

ஹெப்பாரின்-கார்டிசோன் ஜோடி புற்றுநோய் மருந்தாக வரவில்லை. ஆனால் குழாய் வளர்ச்சியைத் தடுக்கும் வேறொரு மருந்தான பெவாசிசுமாபை 2004-ல் பெருங்குடல் புற்றுக்கு அமெரிக்க அரசு அனுமதித்தது. செய்தவர்கள் வேறு விஞ்ஞானிகள். வழி காட்டியவர் போக்மன். அது நோயை ஒழிக்கவில்லை. நோயாளிகளின் ஆயுளைச் சில மாதங்கள் நீட்டியது.

2008 ஜனவரி 14. ஒரு மாநாட்டில் பேசுவதற்காகப் போய்க்கொண்டிருந்தார். டென்வர் விமான நிலையத்தில் மாரடைப்பு. அங்கேயே உயிர் பிரிந்தது. வயது 74.