சேற்று மண்ணின் நோய்க்குப் பெயர் வைத்த மருத்துவர்

காப்பாரிலிருந்து மேரு வழியாகச் சென்றால் செத்தியா ஆலாம் வரும். இன்று அங்கே இயங்குகிறது மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். 1900ஆம் ஆண்டு கோலாலம்பூரில் தொடங்கப்பட்டு, ஜாலான் பகாங்கில் நெடுங்காலம் இயங்கிய கழகம் இது. ஆறாத புண்ணாகவும் சீழ்க்கட்டியாகவும் கடும் காய்ச்சலாகவும் வந்து உயிரைப் பறிக்கும் ஒரு நோய்க்கு, உலகம் முழுவதும் இன்று வழங்கும் பெயரை இக்கழகத்தின் ஆய்வாளர்களே சூட்டினர். மெலியோய்டோசிஸ் என்பது அந்நோய். பெயர் சூட்டிய இருவரில் ஒருவர் சர் ஆம்புரோஸ் தாமஸ் ஸ்டான்டன்.

கனடாவிலிருந்து மலாயாவுக்கு

ஸ்டான்டன் 1875ஆம் ஆண்டு கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் பிறந்தவர். டொரோன்டோவில் மருத்துவம் பயின்றார். பின்னர் லண்டனில் வெப்பமண்டல நோய்களைக் கற்று, 1907ஆம் ஆண்டு கோலாலம்பூர் வந்து சேர்ந்தார். அப்போது ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர்களைப் பெரிபெரி என்ற நோய் கூட்டம் கூட்டமாகக் கொன்றுகொண்டிருந்தது. அதே மலாயாவில் தோட்டங்களில் வாழ்ந்த தமிழர்களை அந்நோய் அவ்வளவாக அண்டவில்லை. காரணம் என்ன?

தமிழர்கள் உண்டது புழுங்கல் அரிசி என்பதை பிராட்டன் என்ற மருத்துவர் முன்பே கவனித்திருந்தார். ஸ்டான்டனும் அவருடைய மூத்த சக ஆய்வாளர் ஹென்றி ஃபிரேசரும் அதைச் சோதித்துப் பார்த்தனர். நெகிரி செம்பிலானில் சாலை போடும் வேலையிலிருந்த ஜாவானியத் தொழிலாளர்கள் சுமார் 300 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குத் தீட்டிய வெள்ளை அரிசியும் மறு பிரிவுக்குப் புழுங்கல் அரிசியும் கொடுத்தனர். வெள்ளை அரிசி உண்ட பிரிவில்தான் நோய் தலைகாட்டியது. தவிட்டோடு போய்விடும் ஒரு சத்துதான் மனிதனைக் காக்கிறது என்று 1909 வாக்கில் அவர்கள் நிறுவினர். வைட்டமின் பி1 என்று பின்னாளில் அறியப்பட்டது அந்தச் சத்தே.

ரங்கூனில் கண்ட கிருமி

1911ஆம் ஆண்டு ரங்கூன் மருத்துவமனையில் ஆல்ஃபிரட் விட்மோர் என்ற மருத்துவர், இறந்தவர்களின் உடல்களைப் பரிசோதித்தபோது நுரையீரல், கல்லீரல், தோல் எங்கும் சீழ்க்கட்டிகளைக் கண்டார். குதிரைகளுக்கு வரும் கிளாண்டர்ஸ் நோயைப் போல அது தெரிந்தாலும் கிருமி வேறாக இருந்தது. 1912இல் விட்மோரும் அவருடைய உதவியாளர் சி. எஸ். கிருஷ்ணசாமியும் அதைப் பற்றி எழுதினர். அந்நோயாளிகளில் பலர் வறியவர்கள். மார்ஃபின் ஊசிப் பழக்கத்தால் உடல் நலிந்தவர்கள்.

1913ஆம் ஆண்டு கோலாலம்பூர்க் கழகத்தில் ஆய்வுக்காக வளர்த்த முயல்களும் கினிப் பன்றிகளும் இனம் தெரியாத ஒரு நோயால் மடிந்தன. விட்மோர் கண்ட அதே கிருமிதான் அதற்குக் காரணம் என்று பிறகு தெரிந்தது. மலாயாவில் மனிதர்களிடமும் அது பிடிபட்டது. ஸ்டான்டனும் வில்லியம் ஃபிளெட்சரும் 1921ஆம் ஆண்டு அந்நோய்க்கு மெலியோய்டோசிஸ் என்று பெயரிட்டனர். கழுதைகளுக்கு வரும் நோயைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து, அதைப் போன்றது என்ற பொருளில் அமைந்த பெயர் அது. 1932இல் தங்கள் ஆய்வு முழுவதையும் இருவரும் நூலாக வெளியிட்டனர். அக்காலத்தில் இந்நோய் கண்டவர்களில் பிழைத்தவர் மிக அரிது.

இதனிடையே 1926இல் ஸ்டான்டன் லண்டனில் காலனித்துவ அமைச்சின் தலைமை மருத்துவ ஆலோசகரானார். பின்னர் சர் பட்டமும் பெற்றார். 1938இல் காலமானார்.

தவறிய ஓர் ஊகம்

எலிகளிலும் இக்கிருமி இருந்ததால், எலிகளே நோயைப் பரப்புகின்றன என்று ஸ்டான்டன் எண்ணினார். அது சரியில்லை என்பது அவர் காலத்துக்குப் பின்னரே தெரிந்தது. கிருமியின் உண்மையான இருப்பிடம் ஈர மண்ணும் தேங்கிய நீரும்தான். மலேசியாவின் நெல்வயல்களிலும் 1960களில் அதைக் கண்டெடுத்தனர். பாதத்திலுள்ள சிறு வெடிப்பே அதற்கு வாசலாகப் போதும். சுவாசத்தின் வழியாகவும் குடிநீரின் வழியாகவும்கூட அது உடலுக்குள் போகும்.

ஆனால் சேற்றில் கால் வைத்த எல்லாருக்கும் நோய் வருவதில்லை. எதிர்ப்புச் சக்தி குன்றியவர்களையே அது பெரிதும் தாக்குகிறது. நீரிழிவு, சிறுநீரக நோய், தாலசீமியா உள்ளவர்கள், மிகுதியாக மது அருந்துபவர்கள், ஸ்டீராய்டு மருந்தை நெடுநாள் உட்கொள்பவர்கள் ஆகியோர் இதில் அடங்குவர். நீரிழிவு கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் கிருமியோடு போராட வேண்டிய வெள்ளை அணுக்கள் சரியாக வேலை செய்வதில்லை. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் வயது வந்தோரில் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு நீரிழிவு இருந்தது. அதிலும் இந்தியர்களின் விகிதமே மிக அதிகம். செம்பனைத் தோட்டங்களும் வடிகால்களும் சூழ்ந்த காப்பார் போன்ற இடங்களில் வாழ்வோர் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

இக்கிருமி உடலில் பல்லாண்டுகள் ஒளிந்தும் இருக்கும். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியரிடம் போர்க்கைதியாக இருந்த ஒருவருக்கு, 62 ஆண்டுகள் கழித்து வலது கையில் ஆறாத புண் ஏற்பட்டது. பரிசோதித்தபோது அதில் இருந்தது மெலியோய்டோசிஸ் கிருமி. 2005இல் மருத்துவ இதழில் வெளியான செய்தி இது.

நாம் செய்ய வேண்டியது

ஸ்டான்டன் காலத்தில் இல்லாத மருந்துகள் இன்று உண்டு. செஃப்டாசிடிம் அல்லது மெரோபெனம் மருந்தைக் குறைந்தது 10 முதல் 14 நாள்கள் நரம்பு வழியாகச் செலுத்துவார்கள். அதன்பின் சுமார் மூன்று மாதம் கோட்ரைமாக்சசோல் மாத்திரை உட்கொள்ள வேண்டும். புண் ஆறிவிட்டது என்று மாத்திரையை இடையில் நிறுத்தினால் நோய் திரும்பலாம். வழக்கமாகப் புண்ணுக்குத் தரும் பெனிசிலின் இதற்கு உதவாது. ஆகவே இன்ன கிருமி என்று ஆய்வுக்கூடத்தில் கண்டறிவதே முதல் வேலை.

வீட்டில் அப்பாவுக்கோ பாட்டிக்கோ நீரிழிவு இருந்தால், தோட்டத்திலும் வெள்ள நீரிலும் இறங்கும்போது ரப்பர் காலணி அணியச் சொல்லுங்கள். காயத்தைக் கழுவி மூடி வைக்கச் செய்யுங்கள். இரண்டு மூன்று வாரமாகியும் புண் ஆறவில்லை என்றாலோ காய்ச்சல் சேர்ந்துகொண்டாலோ, களிம்பு பூசிக் காத்திருக்காமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். நீரிழிவு இருப்பதையும் மண்ணில் வேலை செய்ததையும் மருத்துவரிடம் மறக்காமல் கூறுங்கள்.

பெரிபெரிக்கு விடை தேடியபோது தொழிலாளி என்ன உண்கிறான் என்று பார்த்தவர் ஸ்டான்டன். மெலியோய்டோசிசுக்கோ, அவன் எந்த மண்ணில் நிற்கிறான் என்பதையும் பார்க்க வேண்டியிருந்தது. அவர் விட்ட இடத்திலிருந்து பின்வந்தவர்கள் அந்த வேலையைத் தொடர்ந்தார்கள். இந்நோய்க்கு இன்னும் தடுப்பூசி இல்லை. அறிவியல் பயிலும் மாணவர்களுக்குச் செய்வதற்கு இன்னும் வேலை இருக்கிறது.