நாவலுக்குச் சாட்சி தேடிய உபாத்தியாயினி

ஒரு புத்தகத்தை வீட்டில் வைத்திருந்ததற்காக 10 வருஷச் சிறைத் தண்டனை! 1857-ம் வருஷம் அமெரிக்காவின் மேரிலாண்டு மாகாணத்தில் இது நடந்தது. தண்டனை பெற்ற ஸாமுவேல் கிரீன், அடிமைத்தனத்திலிருந்து விடுதலை பெற்றிருந்த கறுப்பின மதபோதகர். தப்பியோடும் அடிமைகளுக்கு அவர் உதவுகிறார் என்று அதிகாரிகளுக்குச் சந்தேகம். வீட்டைச் சோதனை போட்டார்கள். அகப்பட்டவற்றில் ‘டாம் மாமாவின் குடிசை’ என்ற நாவலும் ஒன்று. அதை வைத்திருந்ததே குற்றமாகிவிட்டது. 1862-ல்தான் அவர் வெளியே வந்தார்; மாகாணத்தை விட்டே போய்விட வேண்டும் என்ற நிபந்தனையின் பேரில்.

சர்க்கார் இவ்வளவு அஞ்சிய அந்த நாவலை எழுதியவர் அரசியல்வாதி அல்ல. ஒரு பேராசிரியரின் மனைவி. ஏழு குழந்தைகளைப் பெற்ற தாய். பள்ளிக்கூட உபாத்தியாயினியாக இருந்தவர். அவர்தாம் ஹாரியட் பீச்சர் ஸ்டோ அம்மையார்.

கனெக்டிகட் மாகாணத்தில் லிச்பீல்டு என்ற ஊரில் 1811 ஜூன் 14-ந் தேதி அவர் பிறந்தார். தந்தை லைமன் பீச்சர் பெயர்பெற்ற கிறிஸ்தவப் பிரசங்கி. ஐந்து வயதிலேயே தாயை இழந்த ஹாரியட், மூத்த சகோதரி காதரின் ஹார்ட்போர்டு நகரில் நடத்திய பெண்கள் பாடசாலையில் படித்தார். பிறகு அங்கேயே ஆசிரியையானார். 1833-ல் வெளிவந்த அவருடைய முதல் புத்தகம் நாவலல்ல, குழந்தைகளுக்கான பூகோள பாடம்!

அந்தப் பூகோளமே அவர் வாழ்க்கையில் விளையாடியது. 1832-ல் தந்தைக்கு ஓஹியோ மாகாணத்தின் சின்சினாட்டி நகரில் லேன் மதக் கல்லூரியின் தலைமைப் பதவி கிடைத்தது. குடும்பம் முழுவதும் அங்கே போயிற்று. நகரத்தை ஒட்டி ஓஹியோ நதி ஓடுகிறது. இக்கரையில் அடிமை முறை இல்லை. அக்கரை கென்டகி மாகாணம். அங்கே மனிதனை விலைபேசி வாங்கலாம், விற்கலாம்.

1834-ல் லேன் கல்லூரி மாணவர்கள் அடிமை முறையைப் பற்றி இரவு இரவாக விவாதம் நடத்தினார்கள். அவர்களுக்குத் தலைமை தாங்கியவர் தியோடர் வெல்டு. நிர்வாகிகள் பயந்துபோய் அந்த விவாதத்துக்குத் தடை போட்டார்கள். மாணவர்களில் பெரும்பாலோர் கல்லூரியை விட்டே வெளியேறினர். இந்த வெல்டு பிற்பாடு தம் மனைவியுடனும் மைத்துனியுடனும் உட்கார்ந்து, தென் மாகாணங்களின் பத்திரிகைகளைப் புரட்டி, அடிமைச் சொந்தக்காரர்களே கொடுத்திருந்த விளம்பரங்களைத் திரட்டி 1839-ல் ஒரு நூலாக வெளியிட்டார். ஓடிப்போன அடிமையைக் கண்டுபிடிக்க எஜமானர்கள் என்ன அடையாளம் சொன்னார்கள் தெரியுமா? முதுகில் சாட்டைத் தழும்பு, கன்னத்தில் சூடுபோட்ட எழுத்து, காலில் விலங்கின் வடு. வேறு சாட்சியே தேவையில்லை. அம்மையாரின் நாவலுக்கு உரமான நூல்களில் இது முக்கியமானது.

1836-ல் அதே கல்லூரிப் பேராசிரியர் கால்வின் ஸ்டோவை ஹாரியட் மணந்துகொண்டார். சம்பளம் குறைவு, குழந்தைகள் பல. கதைகள் எழுதிச் சிறிது சம்பாதித்து வீட்டுச் செலவைச் சரிக்கட்டினார். நதிக்கரையிலேயே ரிப்ளி என்ற ஊரில் ஜான் ராங்கின் என்ற பாதிரியார் தப்பிவரும் அடிமைகளுக்குப் புகலிடம் அளித்து வந்தார். பனிக்காலத்தில் உருகத் தொடங்கியிருந்த பனிப்பாளங்களின் மேல், கைக்குழந்தையுடன் நதியைக் கடந்துவந்த ஒரு தாயின் கதை அவர் மூலம் பீச்சர் குடும்பத்துக்குத் தெரிந்தது. நாவலில் எலைஸா நதியைக் கடக்கும் கட்டம் கற்பனையில் முளைத்ததல்ல.

1849-ல் சின்சினாட்டியில் காலரா பரவியது. அம்மையாரின் ஒன்றரை வயது மகன் சார்லி அதற்குப் பலியானான். ஏலத்தில் குழந்தையைப் பறிகொடுக்கும் அடிமைத் தாயின் வயிற்றெரிச்சல் எப்படி இருக்கும் என்பதைத் தாம் அந்தக் குழந்தையின் படுக்கையருகேதான் உணர்ந்ததாகப் பின்னாளில் அவர் எழுதினார்.

1850-ல் குடும்பம் வடகோடியில் உள்ள மெய்ன் மாகாணத்துக்குக் குடிபெயர்ந்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் வந்தது, ஓடிப்போன அடிமைகளைப் பற்றிய சட்டம். இந்த நாவலை வகுப்பில் நடத்துகிற ஆசிரியர், முதல் அத்தியாயத்தைத் திறப்பதற்கு முன் இந்தச் சட்டத்தை மாணவர்களுக்குப் படித்துக் காட்டிவிட்டால் பாதி வேலை முடிந்தது. அடிமை என்று பிடிக்கப்பட்டவருக்கு ஜூரி விசாரணை கிடையாது. அவர் தம் பக்கத்தில் சாட்சி சொல்ல முடியாது. அவருக்குச் சோறு போட்டு இடம் கொடுத்தவருக்கு 1,000 டாலர் வரை அபராதம், 6 மாதம் வரை சிறை. விசாரிக்கும் கமிஷனர், பிடிபட்டவரை எஜமானரிடம் ஒப்படைத்தால் அவருக்குக் கட்டணம் 10 டாலர். விடுதலை செய்தால் 5 டாலர்! நீதி எந்தப் பக்கம் சாயும் என்பதை விளக்கவும் வேண்டுமா? அதுவரை அடிமை முறை தெற்கத்தியார் விவகாரம் என்று சும்மா இருந்த வடக்கத்தியார் ஒவ்வொருவரையும் இச்சட்டம் அடிமை பிடிக்கும் ஆளாக ஆக்கிவிட்டது.

அண்ணன் எட்வர்டின் மனைவி, இதைப் பற்றி நீ எழுதியே ஆக வேண்டும் என்று ஹாரியட்டுக்குக் கடிதம் போட்டார். வாஷிங்டனிலிருந்து வெளிவந்த ‘நேஷனல் ஈரா’ என்ற வாரப் பத்திரிகையில் 1851 ஜூன் 5-ந் தேதி கதை தொடங்கியது. மூன்று நான்கு இதழ்களில் முடித்துவிடலாம் என்று நினைத்தார். கதை அவரை விடவில்லை. அடுத்த ஆண்டு ஏப்ரல் வரை வளர்ந்தது. பத்திரிகை கொடுத்த தொகை 300 டாலர். பருத்தித் தோட்டங்களை அவர் நேரில் பார்த்ததில்லை. ஆகவே, தாமே அடிமையாக இருந்து தப்பிவந்த பிரெடரிக் டக்ளஸுக்குக் கடிதம் எழுதி, தோட்ட வாழ்க்கையை அனுபவத்தில் அறிந்தவரிடமிருந்து விவரம் கேட்டார். தெரியாததைத் தெரிந்தவரிடம் கேட்டறியும் ஆசிரியைப் பழக்கம் அவரை விட்டுப் போகவில்லை.

1852 மார்ச் 20-ந் தேதி பாஸ்டனில் நாவல் புத்தகமாக வெளிவந்தது. ஒரே வருஷத்தில் அமெரிக்காவில் 3 லட்சம் பிரதிகள் விற்றன. பிரிட்டனில் விற்பனை 10 லட்சத்தைத் தாண்டியது. ஆனால் அங்கே பதிப்புரிமைச் சட்டம் அவருக்குப் பாதுகாப்பு அளிக்காததால் அதில் லாபம் அடைந்தவர்கள் பதிப்பாளர்களே.

தென் மாகாணங்களில் கூக்குரல் எழும்பியது. எல்லாம் பொய், இப்படி எங்கும் நடப்பதில்லை என்றார்கள். எஜமானர்களின் கருணையைப் புகழும் எதிர் நாவல்கள் வரிசையாக வந்தன. அம்மையார் சண்டைக்குப் போகவில்லை. 1853-ல், நாவலுக்குத் திறவுகோல் என்ற பெயரில் தடித்த நூல் ஒன்றை வெளியிட்டார். மாகாணச் சட்டங்கள், கோர்ட்டுத் தீர்ப்புகள், ஏல விளம்பரங்கள், ஜோசையா ஹென்சன் போன்ற முன்னாள் அடிமைகளின் வரலாறுகள் எல்லாம் அதில் அடுக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று வட கரோலினா வழக்கு. லிடியா என்ற அடிமைப் பெண்ணை வாடகைக்கு எடுத்திருந்தவன், அவள் அடிக்குத் தப்பி ஓடியபோது சுட்டுக் காயப்படுத்தினான். எஜமானின் அதிகாரத்துக்கு வரம்பு கட்ட முடியாது என்று உயர் நீதிமன்றம் அவனை விட்டுவிட்டது! நாவலில் வரும் கொடியவன் லெக்ரியைவிட இந்தத் தீர்ப்பு பயங்கரமானது. எதிரிகளின் சொந்த ஏட்டிலிருந்தே எடுத்ததால் மறுக்க வழியில்லை. திறவுகோலில் உள்ள ஆதாரங்கள் பலவற்றை அவர் நாவலை முடித்த பிறகே திரட்டினார் என்பதும் உண்மைதான். ஆனால் தேடப்போன இடமெல்லாம் அகப்பட்டதே!

அதே ஆண்டு அவர் இங்கிலாந்து சென்றபோது, அடிமை முறையை ஒழிக்கக் கோரி அந்நாட்டுப் பெண்கள் 5 லட்சத்துக்கு மேற்பட்டோர் கையெழுத்திட்ட விண்ணப்பம் 26 தொகுதிகளாக அவரிடம் அளிக்கப்பட்டது. உள்நாட்டு யுத்தத்தின் நடுவே 1862-ல் ஜனாதிபதி லிங்கனைச் சந்தித்தார். யுத்தத்தை மூட்டிவிட்ட சிறு பெண்மணி என்று லிங்கன் அவரை வரவேற்றதாகச் சொல்லும் கதை, பல பத்தாண்டுகள் கழித்தே அச்சேறியது. யுத்தம் அவர் வீட்டையும் விடவில்லை. மகன் பிரெடரிக் கெட்டிஸ்பர்க் போரில் படுகாயமடைந்தான். சில வருஷங்களுக்குப் பின் ஸான்பிரான்ஸிஸ்கோ போனவன் திரும்பவேயில்லை. 1865-ல் அரசியல் சட்டத் திருத்தம் அடிமை முறையை ஒழித்தது.

நாவலில் குறையே இல்லை என்று சொல்வதற்கில்லை. கறுப்பின மக்களைப் பற்றி அக்கால வெள்ளையர் கொண்டிருந்த சில எண்ணங்கள் அவரிடமும் இருந்தன. அறிவும் வீரமும் உள்ள ஜார்ஜ் ஹாரிஸைக் கதை முடிவில் ஆப்பிரிக்காவுக்கு அனுப்பிவிடுகிறார். இன்று ‘டாம் மாமா’ என்பது, வெள்ளையருக்குக் குழையும் கறுப்பரைக் குத்திக்காட்டும் வசைச்சொல். இதில் பெரும்பழி நாடகக் கம்பெனிகளையே சேரும். கதையைக் கூத்தாக்கி, டாமைக் கூனிக் குறுகிய கிழவனாக மேடையேற்றினார்கள். நாவலின் டாமோ தப்பியோடிய இரு பெண்களின் மறைவிடத்தைக் காட்டிக்கொடுக்க மறுத்து அடிபட்டுச் சாகிறவன். வசையை மட்டும் கேட்டு வளர்ந்த மாணவர்கள் அந்தக் கட்டத்தைப் படித்துப் பார்க்க வேண்டும்.

கடைசிக் காலத்தை அம்மையார் ஹார்ட்போர்டில் கழித்தார். அண்டை வீட்டுக்காரர் மார்க் ட்வைன். ஞாபக சக்தி மங்கி, 1896 ஜூலை 1-ந் தேதி அவர் காலமானார். கணவருக்கும், 1857-ல் ஆற்றில் மூழ்கி இறந்த மகன் ஹென்றிக்கும் அருகில், மாஸாசூஸெட்ஸ் மாகாணத்தின் ஆண்டோவரில் அவருடைய சமாதி இருக்கிறது. ஹார்ட்போர்டு வீடு இப்போது பொதுமக்கள் பார்க்கும் காட்சிசாலையாக உள்ளது.