வேதத்தை எரித்தவனைத் தேடி வந்தவர்



சாது சுந்தர்சிங் சரித்திரத்தைக் கேட்காதவங்க நம்ம சபையில இல்லை. காவி அங்கி, இமயமலை, திபெத்து எல்லாம் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்கே தெரியும். நான் எழுத வந்தது அவர் எரித்த வேத புத்தகத்தைப் பற்றி. அதற்குக் காரணம் உண்டு, பிறகு சொல்றேன்.

1889 செப்டம்பர் 3-ம் தேதி பஞ்சாபில் ராம்பூர் கிராமத்தில் வசதியான சீக்கியக் குடும்பத்தில் பிறந்தார். பிள்ளை சாதுவாக வேண்டுமென்று ஆசைப்பட்ட பக்தியுள்ள தாய், அவருடைய 14-வது வயதில் இறந்துபோனாங்க. பையன் உடைஞ்சு போனான். துக்கம் கோபமாச்சு. மிஷன் பள்ளியில் படித்த வேதபாடத்தின் மேல் அந்தக் கோபமெல்லாம் திரும்பியது. 1904 டிசம்பர் 16-ம் தேதி வேதத்தைக் கிழித்து நெருப்பில் போட்டான்.

எரேமியா 36-ம் அதிகாரம் ஞாபகம் வருதா? யோயாக்கீம் ராஜா குளிர்காலத்தில் கணப்புக்கு முன்னால் உட்கார்ந்து சுருளை அறுத்து அறுத்து எரித்தான். அவன்மேல் நியாயத்தீர்ப்பு வந்தது. இந்தப் பையனுக்கும் அதுதான் வரும் என்று நானாக இருந்தால் தீர்த்துச் சொல்லியிருப்பேன்.

மூன்றாம் நாள் அதிகாலை 3 மணிக்கு எழுந்து, பச்சைத் தண்ணீரில் குளிச்சு, கடவுள் இருந்தால் வழி காட்டட்டும், இல்லாட்டா 5 மணி ரயிலில் தலையைக் கொடுப்பேன் என்று ஜெபம் பண்ணினான். கவனிங்க, அவன் இயேசுவைக் கூப்பிடவே இல்லை. எதிர்பார்த்ததும் வேறு யாரையோ. ஆனால் அறை பிரகாசமாகி, எரித்த புத்தகத்தின் நாயகரே தன் முன் வந்து நின்றார் என்று சாது கடைசி வரைக்கும் சாட்சி சொன்னார். அந்த மனுஷன் எந்த விதத்திலும் தகுதியாகி நிற்கும்வரை கர்த்தர் காத்திருக்கவில்லை. புத்தகம் எரிந்து ரெண்டே நாள்தான் ஆகியிருந்தது!

தகப்பன் சேர்சிங் கெஞ்சிப் பார்த்தார், மிரட்டிப் பார்த்தார். மகன் நீளமான முடியை வெட்டிக்கொண்டதும் வீட்டை விட்டே துரத்திவிட்டார். 16-வது பிறந்தநாளில், 1905 செப்டம்பர் 3-ல், சிம்லாவில் ஞானஸ்நானம். அக்டோபரில் காவி உடுத்தி வெறுங்காலோடு புறப்பட்டார். 1918-ல் நம்ம தமிழ்நாட்டுக்கும் இலங்கைக்கும் வந்து பிரசங்கித்தார். பிறகு இங்கிலாந்து, அமெரிக்கா, ஐரோப்பா. அவர் சொன்ன சில சம்பவங்கள் உண்மையா என்று பெரிய வாக்குவாதமே நடந்தது. குறையில்லாத மனுஷன் என்று நான் அவரைத் தூக்கி நிறுத்த மாட்டேன். 1929-ல் திபெத்துக்குப் புறப்பட்டவர் திரும்பவே இல்லை. அப்போ வயசு 39.

இப்போ காரணத்துக்கு வர்றேன். எங்க ஆரணியில தறிச் சத்தம் இல்லாத தெருவில் பிறந்து வளர்ந்தவன் நான். எனக்கு ஒரே மகன். நாலு வருஷத்துக்கு முன்னே, நான் பேசிய பேச்சு தாங்காம, என் வேத புத்தகத்தைத் தூக்கி அடுப்பில் போட்டுவிட்டான். இனி இந்த வாசப்படி மிதிக்காதே என்றேன். போய்விட்டான். காஞ்சிபுரத்தில் ஒருத்தரிடம் கூலிக்கு நெய்கிறான் என்று மட்டும் தெரியும். வீட்டில் அவன் பேரைச் சொல்ல விட்டதில்லை. பாவு இழை அறுந்தா தறியை நிறுத்தி முடிச்சுப் போடுற எனக்கு, இதை மட்டும் அப்படியே விட்டுவிடத் தெரிந்தது.

சாதுவின் சரித்திரத்தை எத்தனையோ தடவை வாசித்தும், எப்பவும் என்னைச் சாது பக்கத்திலேயே வைத்துப் பார்த்தேன். போன மாதம் வாசிக்கும்போது சேர்சிங் பக்கத்தில் கண் நின்றது. மகனைத் துரத்தின அதே தகப்பன் பிற்காலத்தில் கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டு, 1920-ல் மகன் இங்கிலாந்துக்குப் போகக் கப்பல் செலவைத் தானே கொடுத்தார். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமில்லை.

மறுநாள் காலையில் செய்யாறு வழி பஸ் ஏறினேன். விசாரித்து விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். தறிக்குழியில் உட்கார்ந்திருந்தான். நிமிர்ந்து பார்த்தான், காலை மிதியிலிருந்து எடுக்கவில்லை. நான் கொண்டுபோன வார்த்தையெல்லாம் தொண்டையிலேயே நின்றுபோச்சு. கொஞ்ச நேரம் கழித்து, சாப்பிட்டீங்களா என்று கேட்டான்.