ஜே மைனர்

ஜே மைனர் (மே 31, 1932 – ஜூன் 20, 1994) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த சில்லு வடிவமைப்பாளர் ஆவார். கடைகளில் காசு போட்டு ஆடப்பட்ட ஆர்க்கேட் ஆட்டங்களை வீட்டுத் தொலைக்காட்சிக்கும் தொடக்ககால வீட்டுக் கணினிகளுக்கும் கொண்டுவருவதில் இவரது சில்லுகள் பெரும்பங்கு வகித்தன. இவர் அமிகா கணினியின் தந்தை எனவும் அழைக்கப்படுகிறார்.

இளமை

அரிசோனா மாநிலத்தின் பிரெஸ்கொட் நகரில் பிறந்த இவர், கடலோரக் காவற்படையில் சேர்ந்து மின்னணுவியல் கற்றார். பின்னர் பெர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் 1958 இல் பட்டம் பெற்றார்.

அடாரி 2600

1970களின் நடுப்பகுதியில் அடாரி நிறுவனத்தில் இணைந்த மைனர், ஜோ டெக்கூர் என்பவருடன் சேர்ந்து டிஐஏ என்னும் சில்லை வடிவமைத்தார். 1977 இல் வெளிவந்த அடாரி 2600 ஆட்டக் கருவியின் படத்தையும் ஒலியையும் இதுவே உருவாக்கியது.

அக்காலத்தில் நினைவகம் விலை மிகுந்தது. ஆகவே இக்கருவிக்கு 128 பைட்டுகள் மட்டுமே தரப்பட்டன. திரைக்கெனத் தனி நினைவகம் இல்லை. தொலைக்காட்சியின் மின்னணுக் கற்றை ஒவ்வொரு வரியாகப் படத்தை வரையும்போதே, அவ்வரிக்குரிய தரவை நிரல் சில்லுக்கு அளிக்க வேண்டும். சில்லு அறிந்த நகரும் உருவங்கள் ஐந்து: இரு ஆட்டக்காரர்கள், இரு குண்டுகள், ஒரு பந்து. பாங், டாங்க் ஆகிய இரு ஆர்க்கேட் ஆட்டங்களை வீட்டில் ஆட இவை போதும். அதற்கு மேல் எவரும் பெரிதாக எதிர்பார்க்கவில்லை.

1978 இல் வந்த ஸ்பேஸ் இன்வேடர்ஸ் ஆர்க்கேட் இயந்திரத்திலோ திரைக்கு மட்டும் ஏறத்தாழ 7,000 பைட்டுகள் இருந்தன. 55 வேற்றுலகவாசிகள் அணிவகுத்தனர். எனினும் 1980 இல் ரிக் மாரர் இதனை அடாரி 2600க்கு மாற்றினார். ஓர் ஆட்டக்காரர் உருவத்தை ஒரே வரியில் மும்முறை காட்டும் வசதியை டிஐஏ கொண்டிருந்தது. இரு உருவங்களை மும்முறை காட்டினால் வரிசைக்கு ஆறு பேர்; ஆறு வரிசைகளில் 36 பேர். இந்த எண்ணிக்கை நிரலாளரின் விருப்பமன்று, சில்லின் கணக்கு என்பது கவனிக்கத்தக்கது.

1982 இல் வந்த பக்-மேன் ஆட்டத்தில் நான்கு பேய்களும் முறைவைத்து வரையப்பட்டதால் மினுங்கின. அதற்காக அது இன்றுவரை பழிக்கப்படுகிறது. ஆனால் இரு உருவச் சில்லில் ஐந்து பாத்திரங்கள் ஓடியதையும் எண்ணிப்பார்க்க வேண்டும்.

வீட்டுக் கணினிகள்

1979 இல் விற்பனைக்கு வந்த அடாரி 400, 800 கணினிகளின் சில்லுத் தொகுதியும் மைனர் தலைமையில் உருவானது. இவற்றில் திரையை நினைவகத்திலிருந்து படிக்கும் வேலையை ஆண்டிக் என்னும் சில்லு ஏற்றது. ஆட்டக்காரர் உருவங்கள் நான்காயின. இவற்றுக்கான பக்-மேனில் பேய்கள் மினுங்கவில்லை.

அடுத்து மோட்டோரோலா 68000 செயலியைக் கொண்ட கணினியை உருவாக்க மைனர் விரும்பினார். அடாரி நிர்வாகம் மறுத்ததால் விலகி, இதயமுடுக்கிகளுக்கான சில்லுகள் செய்யும் நிறுவனமொன்றில் பணியாற்றினார். 1982 இல் தொடங்கிய ஹை-டோரோ நிறுவனத்தில்தான் அவ்விருப்பம் நிறைவேறத் தொடங்கியது. அமிகா எனப் பெயர் மாறிய இதனை 1984 இல் கொமடோர் வாங்கியது. அமிகா 1000 கணினி 1985 இல் அறிமுகமானது. 1986 இல் இதற்கு வந்த மார்பிள் மேட்னஸ், ஆர்க்கேட் மூலத்துக்கு மிக நெருக்கமானதெனப் பாராட்டப்பட்டது. அந்த ஆர்க்கேட் இயந்திரமும் 68000 குடும்பச் செயலியையே பயன்படுத்தியது.

அமிகா 1000 மூடியின் உட்புறத்தில் உருவாக்கியவர்களின் கையொப்பங்களோடு, மைனரின் நாய் மிச்சியின் பாதச்சுவடும் பொறிக்கப்பட்டுள்ளது.

மறைவு

சிறுநீரக நோயால் நெடுங்காலம் துன்புற்ற மைனர், கலிபோர்னியாவின் மவுண்டன் வியூ நகரில் காலமானார். கொமடோர் நிறுவனம் அதற்கு இரு மாதங்களுக்குள்ளாக, 1994 ஏப்ரல் 29 அன்று திவாலாகியிருந்தது.