கேர்ட்டி கோரி அம்மையார்: கலத்துக்குள் போகும் செய்தியைத் தேடியவர்

நம் கல்லூரியிலிருந்து வைத்தியபீடம் சென்ற அக்காமாருக்கும் தங்கைமாருக்கும் 'கோரி வட்டம்' பழக்கமான பெயர். அப்பெயருக்குரியவர்கள் இருவர், அவர்களுள் ஒருவர் பெண் என்பதை நான் பட்டம் பெற்று நெடுங்காலத்தின் பின்னரே அறிந்தேன். இந்த மலரில் அவரைப் பற்றி எழுத விரும்பியதற்கு அதுவே காரணம்.

கேர்ட்டி தெரேசா ரட்னிட்ஸ் 1896 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 15 ஆம் திகதி பிராக் நகரில், ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். தந்தையார் சீனி ஆலைகளை நிருவகித்த இரசாயனவியலாளர். மகள் படித்த பெண்கள் பாடசாலை நல்ல இல்லத்தரசிகளை உருவாக்குவதற்கென்றே நடந்தது. அங்கு கற்றதைக் கொண்டு பல்கலைக்கழகம் புக முடியாது. பதினாறு வயதில் வைத்தியராக வேண்டுமென்று முடிவெடுத்தபோது இலத்தீன், கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் யாவும் அவருக்குக் குறை. ஈராண்டுக்குள் அத்தனையையும் படித்து 1914 இல் பிராக் ஜேர்மன் பல்கலைக்கழக வைத்தியபீடத்தில் சேர்ந்தார். (பரீட்சைக்கு முதல் வாரம் புத்தகம் திறந்த நாங்கள் வெட்கப்பட வேண்டிய செய்தி!) அங்கே உடன் படித்த கார்ல் கோரியை 1920 இல், இருவரும் பட்டம் பெற்ற ஆண்டிலேயே, மணந்தார்.

போருக்குப் பிந்திய வியன்னாவில் சிறுவர் வைத்தியசாலையில் பணி. போசாக்கில்லா உணவால் அவருக்குக் கண் வரட்சி நோய் கண்டது. 1922 இல் தம்பதியர் அமெரிக்காவின் பபலோ நகருக்குச் சென்றனர். தசையில் சர்க்கரை உடைந்து உண்டாகும் லக்ரிக் அமிலம் குருதிவழியே ஈரலை அடைந்து, மீண்டும் சர்க்கரையாகித் தசைக்குத் திரும்புகிறது என்று 1929 இல் அவர்கள் விளக்கியதே கோரி வட்டம்.

ஆய்வுகளை இருவரும் சேர்ந்தே செய்தனர்; பதவிகள் கார்லுக்கு மட்டுமே வந்தன. மனைவியுடன் சேர்ந்து ஆராய்வதை நிறுத்தினால் வேலை தருவதாக ஒரு பல்கலைக்கழகம் அவரிடம் கூறியது. கணவரின் முன்னேற்றத்துக்கு நீ தடையாக இருக்கிறாய் என்ற பேச்சைக் கேட்டு கேர்ட்டி அழுததும் உண்டு. கார்ல் அந்த வேலையை ஏற்கவில்லை. 1931 இல் சென் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராக அழைத்தது. கேர்ட்டிக்குக் கிடைத்ததோ ஆய்வு உதவியாளர் பதவியும் மிகச் சிறிய சம்பளமுமே.

ஆனால் அவரது பெரிய வேலை அங்கேதான் நடந்தது. கட்டாக்காலி நாய் துரத்தினால் கால்கள் எங்கிருந்தோ பலம் பெற்று ஓடுகின்றன அல்லவா? அதிரினலின் குருதியில் கலந்ததும் தசையில் சேமித்திருந்த கிளைக்கோசன் உடைகிறது. எப்படி உடைகிறது? தவளைத் தசையை அரைத்துக் கழுவி ஆராய்ந்து, 1936 இல் குளுக்கோசு-1-பொசுபேற்று என்னும் இடைப்பொருளைக் கண்டனர். பின்னர் அதை உண்டாக்கும் பொசுபோரிலேசு நொதியத்தைப் பளிங்காகப் பிரித்தெடுத்தனர். அந்த நொதியம் தொழிற்படும் வடிவம், ஓய்ந்திருக்கும் வடிவம் என இரண்டாக இருப்பதையும் காட்டினர். வெளியிலிருந்து வரும் ஒரு செய்தி கலத்தின் உள்ளே வேலையை எவ்வாறு தொடக்குகிறது என்ற கேள்விக்கு வாசல் திறந்தது இங்கேதான் என்பது என் எண்ணம்.

1947 இல் பேராசிரியரானார். அதே ஆண்டில் கணவருடனும் ஆர்ஜென்ரீனாவின் ஹூசேயுடனும் நோபல் பரிசைப் பகிர்ந்தார். மருத்துவத்துக்கான நோபல் பரிசு பெற்ற முதற் பெண் அவரே. அந்தக் கோடையில் மலையேறும்போது மயங்கி விழுந்திருந்தார். என்பு மச்சை நார்த்தன்மை அடைந்து குருதி உண்டாகாமற் போகும் நோய் என்று சுவீடன் புறப்படுமுன் தெரியவந்தது. அதன்பின் பத்தாண்டுகள் குருதி ஏற்றிக்கொண்டே ஆய்வுகூடத்துக்கு வந்தார். களைத்தால் பக்கத்து அறைக் கட்டிலில் சற்றுச் சாய்வார். இக்காலத்திற்றான், சிறுவரைத் தாக்கும் கிளைக்கோசன் சேமிப்பு நோயொன்று ஒரு நொதியம் இல்லாமையால் வருவதென்று 1952 இல் கண்டறிந்தார்.

1957 ஒக்ரோபர் 26 இல் மறைந்தார். அவரது ஆய்வுகூடத்தில் பயின்ற சதர்லாந்து, அதிரினலினின் செய்தியைக் கலத்தினுள் கொண்டுசெல்லும் சக்கர ஏஎம்பியைப் பற்றி 1958 இல் விரிவாக எழுதினார்; 1971 இல் நோபல் பரிசு பெற்றார். அங்கு பயின்ற இன்னொருவரான கிரெப்ஸ், பிஷருடன் சேர்ந்து, அந்த இரு வடிவங்களுக்கும் வேறுபாடு ஒரு பொசுபேற்றே என்று காட்டி 1992 இல் பெற்றார். அதிரினலினை ஏற்கும் வாங்கிகளை ஆராய்ந்தோர் 2012 இல் பெற்றனர். 2008 இல் அமெரிக்கா அம்மையாரின் படத்துடன் தபால் முத்திரை வெளியிட்டது. அதில் அச்சிட்ட இரசாயனக் கட்டமைப்பில் ஒரு பிழை. அவர் கண்டிருந்தால் சும்மா விட்டிருக்க மாட்டார்.